கல்யாணப் புடவையில் பெக்காரி

ஆரணியில் எங்கள் டவுட்டு மாஸ்டரைப் போல ஒரு சந்தேகப் பிராணி அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. தன் நிழலைக்கூட நம்பாதவர் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோம் அல்லவா? இவர் விஷயத்தில் அது நிஜம். உச்சி வெயிலில்தான் டீக்கடைக்குப் போவார். கேட்டால், "அப்போதாங்க அது பின்னாடி வராம காலுக்கடியில கெடக்கும்" என்பார்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், எதுக்குக் கேக்கற என்றுதான் பதில் வந்திருக்கும்.

பட்டுப்புடவைக்கு டிசைன் வரைவது அவர் தொழில். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயில், மாங்காய், அன்னம் எல்லாம் வரைவார். ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே மாட்டினால், வரைந்தது அப்படியே புடவையில் இறங்கும். ஒரு முதலாளிக்கு வரைந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஊரில் எழுதாத சட்டம். டிசைனைத் திருட்டுத்தனமாக விற்றான் என்று ஒருமுறை பெயர் கெட்டால், அப்புறம் அந்த ஆளிடம் ஒரு மாங்காய் வரையக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அவர் அறைக்குக் கீழே நான் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருந்தேன். செல்போன் ஊருக்குள் சரியாக நுழையாத காலம். சந்தேகக்காரர் மாடியில், ஜெராக்ஸ்காரன் கீழே என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தாளை எடுத்துக்கொண்டு வருவார். என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். அவரே பட்டனை அழுத்துவார். பிறகு வேட்டி நுனியால் மெஷின் கண்ணாடியைத் துடைப்பார்.

"எதுக்கு மாஸ்டர் தொடைக்கறீங்க?"

"டிசைன் அதுல ஒட்டிகினு இருந்துச்சின்னா?"

இந்த மனிதரை எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் சேர்த்தது செல்வம். சேவூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தவன். மெட்ராஸில் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடந்து போக வேண்டும். வழியில் விநோத மிருகங்கள் மறிக்கும். டைஸ் உருட்டிச் சண்டை போட வேண்டும். கல்யாண வயதில் இருந்த இரண்டு பேரும் நாற்பது தாண்டிய ஒருவரும் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் செய்தோம்.

முதல் நாளே டைஸை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தார் மாஸ்டர். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருக்கிறதா என்று சோதனையாம். அடுத்த சந்தேகம் செல்வம் கதையில் வந்த டிராகன் மேல்.

"நெருப்பு கக்கற ஜந்து நமக்கு ஆவாதுங்க. பட்டு வெச்சிகினு இருக்கற ஊரு. வேற மிருகம் நான் கொண்டாரேன்."

பழைய பேப்பர் கடையில் எடை போட இருந்த ஓர் ஆங்கில மிருகப் புத்தகத்தில் அவருக்கு அது கிடைத்தது. பெக்காரி. அமெரிக்கக் காடுகளில் திரிவது. பார்த்தால் காட்டுப்பன்றி, ஆனால் பன்றி இல்லை. கண் மந்தம். முதுகில் ஒரு வாசனைச் சுரப்பி. ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, நம்ம கூட்டமா வேற ஆளா என்று மோப்பத்தில் கண்டுபிடிக்குமாம். படித்துச் சொன்னபோது மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பது வருஷம் தேடிய சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதை விளையாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தார். யானை உயரம் வைத்தார். தோலில் ஈட்டி இறங்காது. பொய் சொல்கிறவன் எதிரே வந்தால் பல்லைக் கடகடவென்று அடிக்கும். இவ்வளவும் எங்களிடம் சொன்னார். அதை எப்படிக் கொல்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது கிராஃப் தாள் ஒன்றுதான். அதில்தான் வரைந்தார். கைப்பழக்கம், ஒன்றன்பின் ஒன்றாகப் பெக்காரிகள் பார்டர் போலவே வரிசை கட்டி நின்றன. பக்கத்தில் அதன் உயிர், பலம், பலவீனம் எல்லாவற்றுக்கும் எண்கள். எந்த எண் எதற்கு என்று மட்டும் எழுதவில்லை. நாங்கள் பார்த்துவிடுவோமாம்.

இந்த நேரத்தில்தான் பாலு முதலாளிக்கு மூக்கில் வேர்த்தது. மாஸ்டருக்கு நிரந்தரமாக வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஞாயிறு தவறாமல் சாத்திய கதவு, உள்ளே ஒரு கம்ப்யூட்டர்காரன், ஒரு ஜெராக்ஸ்காரன், கிராஃப் தாள். வேறென்ன நினைப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

"இன்னா மாஸ்டர், காஞ்சிபுரம் பார்ட்டிக்கு வேல நடக்குதா?"

"அதெல்லாம் இல்லிங்க மொதலாளி. சும்மா பேசிகினு இருக்கோம்."

"அப்போ அந்தத் தாள காட்டு."

மாஸ்டர் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். முதலாளி சிரித்துக்கொண்டே இறங்கிப் போயிருப்பார். இவரோ எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்போ காட்ட முடியாதுங்க. இவங்க ரெண்டு பேரும் இருக்காங்க" என்றார்.

"நாங்க வெளிய போறோம் மாஸ்டர்!" என்று நான் கிட்டத்தட்டக் கத்தினேன்.

"போய்ட்டு ஜன்னல்ல பாப்பீங்க."

முதலாளி அதற்குமேல் நிற்கவில்லை. "நாளைலேர்ந்து ஆரணி, சேவூரு, முள்ளிப்பட்டு, எந்தத் தறியிலயும் உன் அட்ட ஏறாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னபடியே செய்தார். மயிலும் மாங்காயும் கேட்டு வந்தவர்கள் எல்லாம் நின்றுபோனார்கள். டீக்கடையில் மாஸ்டர் உட்கார்ந்தால் பெஞ்சில் மற்றவர்கள் எழுந்து போனார்கள். ஊரைச் சந்தேகப்பட்டே பழகியவர், ஊர் தன்னைச் சந்தேகப்பட்டதும் இளைத்துப் போனார்.

போதாக்குறைக்கு, ஒரு நாள் அந்தத் தாளும் காணாமல் போனது. காலண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். பிறகு செல்வத்தை. இரண்டு பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகு, மெதுவாகக் கேட்டார்.

"நானே தூக்கத்துல எழுந்து போய் வித்துட்டனோ?"

மழைக்காலம் வந்து போனது. ஒரு மத்தியானம் பாலு முதலாளி பேப்பரில் சுற்றிய மூட்டையோடு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மாடிக்குப் போகிறார் என்றதும் நான் பூத்தைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஏறினேன். செல்வம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான்.

முதலாளி மூட்டையைப் பிரித்தார். அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை. பார்டரில் தலைப்பு வரைக்கும் தங்க ஜரிகையில் பெக்காரிகள் அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தன.

"போளூர்ல பொண்ணு வூட்டுக்காரங்க, எவனும் கட்டாத புது டிசைன் வேணும்னாங்க. பிரிச்சுப் பாத்துட்டு, கல்யாணப் பொடவையில பன்னியான்னு ஒரே சத்தம். பேஜாரா போச்சு மாஸ்டர்!"

"உங்க தறிக்கு இது எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டான் செல்வம்.

முதலாளி தரையைப் பார்த்தார். "நம்ம ஆளு ஒருத்தன உட்டுதான் எடுத்தாந்தேன். காஞ்சிபுரத்துக்காரன் போடறதுக்கு முன்னாடி நாம போட்டுடலாம்னு. தறியில பொடவைய கவுத்தாப்ல நெய்யறதால டிசைன் ஒண்ணும் தெரியல. நெய்யறவன் யானக்குட்டின்னு சொல்லிகினு இருந்தான்."

மாஸ்டரோ இதையெல்லாம் கேட்கவே இல்லை. புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பதறினார்.

"வாலு யாருங்க வெச்சது? இதுக்கு வாலே கிடையாதே!"

"ஓரத்துல நம்பர் போட்டிருந்தியே மாஸ்டர். எழக் கணக்குன்னு நெனச்சி அட்ட அடிச்சவன் அத வாலா சேத்துட்டான்."

"அது அதோட உயிருங்க!"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. டைஸை எடுத்துக் காட்டி, செல்வம்தான் எல்லாவற்றையும் விளக்கினான். கேட்டு முடித்த முதலாளிக்கு ஒரு வழி தோன்றியது. "வராகம்னு சொல்லிடலாமா? பெருமாள் அவதாரம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். "பொய்யிங்க. வராகத்துக்குப் பல்லு மேல வளையும். இதுக்கு நேரா கீழ."

பிழைக்கத் தெரியாத மனுஷன். செல்வம் என் காதைக் கடித்தான், இப்போதே கடைத்தெருவில் போய்த் திருட்டை உடைத்துவிடலாம் என்று. எனக்கும் கை பரபரத்தது. மாஸ்டர் கேட்டதோ இரண்டே விஷயம். டவுட்டு எந்த டிசைனையும் விற்கவில்லை என்று முதலாளி தன் வாயால் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அந்தப் புடவையைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும். அன்று சாயங்காலமே டீக்கடை பெஞ்சில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து முதலாளி அதைச் சொன்னார். மறுநாள் மாங்காய் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

"அந்தாள ஏன் மாஸ்டர் சும்மா வுட்டீங்க?" என்று கேட்டேன். எனக்கு ஆறவே இல்லை.

"எடுத்தது தப்புதாங்க. ஆனா நீங்களும் செல்வமும் இத வெச்சி எந்நேரமும் சிரிச்சிகினே இருந்தீங்க. சிரிக்காம, இது பெரிய சமாச்சாரம்னு நம்புனது அந்தாளு ஒருத்தருதாங்க."



அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு அந்தப் புடவையைத் தாருங்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். எதற்கு என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். பெண்ணும் பார்டரைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி நல்லாத்தானே இருக்கு" என்று கட்டிக்கொண்டாள். மேடைக்கு வந்தவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்டார்கள். பெக்காரி என்று ஒருவரிடம்கூடச் சிரிக்காமல் சொன்னேன். டவுட்டு மாஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு கடைசிவரை கவனித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் யார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.