மூச்சை விடச் சொல்ல மறந்த டாக்டர்

எனக்குக் கூச்சம் அதிகம். பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்டவன் இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். இதெல்லாம் கால்வலியோடு போயிற்று. ஒரே ஒரு தடவை உயிரோடு போகப் பார்த்தது.

அப்போது நான் பாம்பனில் கல்யாணத்துக்கு நிற்கிற இளவட்டம். படிப்பு அஞ்சாங்கிளாஸ். கடலில் முங்கிச் சங்கு குளிக்கப் பழகியிருந்தேன். பிலோமியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் கூடப் பிறந்தது அண்ணன் சூசை ஒருவர்தான். அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான்.

“முங்குறவனுக்குத்தான் எந்தங்கச்சி. மத்தவன் எவனும் வாசப்படி ஏறக்கூடாது.”

சங்குக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடியில் முங்குகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் நின்று பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கும்போது எவனும் கண் அசர மாட்டான் அல்லவா! மூச்சு முட்டினால் கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் தூக்கிவிடுவான். எனக்குக் கயிறு பிடிக்கச் சூசை மச்சான் தயாராக இருந்தார்.

அந்த வருடம் புதிதாக ஓர் ஏற்பாடு. டாக்டர் உடம்பைப் பார்த்து, ‘நல்ல உடம்பு’ என்று சீட்டு எழுதித் தந்தால்தான் வள்ளத்தில் இடம். சீட்டு இல்லையென்றால் சங்கு இல்லை. சங்கு இல்லையென்றால் பிலோமி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் ஓரமாக ஒதுங்கிப் பின்னால் நடந்தேன். மச்சானோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவர்தான் மாப்பிள்ளை என்பதுபோல முன்னால் நடந்தார்.

டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். சட்டையைக் கழற்றச் சொன்னார். (அதற்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.) குழாயைக் காதில் மாட்டி, அதன் சில்லிட்ட வட்டை என் நெஞ்சில் வைத்தார்.

“மூச்சை நல்லா இழுத்துப் பிடி.”

அவர் கேட்டது ஒரு டம்ளர் மூச்சு. நான் சங்குக்கு முங்குகிறவன் எடுப்பதுபோல ஒரு குடம் எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மச்சான் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துவிட்டார். தோலை உரித்து, உள்ளே இருக்கிறதையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன் நின்றான்.

“டாக்டரய்யா, நமக்கும் உள்ளாற இப்பிடித்தான் இருக்குமா?”

இந்த ஊருக்கு வந்த நாளாக டாக்டரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. குழாயைக் கழுத்தில் தொங்கவிட்டு, என் பக்கத்தில் நின்றபடியே படத்துப் பக்கம் திரும்பிவிட்டார்.

“நம்ம உடம்பு பூராவும் செல். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை.”

“உப்பளத்துப் பாத்தி மாதிரியா?”

“பிரமாதம்! அதேதான். ஒரே மாதிரி செல் சேர்ந்தா திசு. திசுக்கள் சேர்ந்தா உறுப்பு. உறுப்புகள் சேர்ந்து மண்டலம். ஜீரண மண்டலம், ரத்த ஓட்ட மண்டலம், சுவாச மண்டலம்னு...”

மூச்சுக்கு அவர் மூன்றாவது இடம் கொடுத்ததைக் கவனித்தேன். மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லத் தொடங்கினேன். நானாக விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிடி என்று சொன்ன பெரிய மனிதர் விடு என்று சொல்லவில்லை. பாதியில் விட்டு, அவர் ‘இவனுக்கு நெஞ்சில் வலுவில்லை’ என்று எழுதிவிட்டால்?

டாக்டர் இரைப்பைக்கு வந்தார். அங்கிருந்து சிறுகுடலுக்குள் நுழைந்தார்.

“இது எம்புட்டு நீளம் இருக்கும்யா?”

“நீட்டி வச்சா இருபது அடி இருக்கும்.”

“அடேயப்பா! நங்கூரக் கயிறால்ல இருக்கு!”

அந்த இருபது அடியையும் டாக்டர் விரலால் வளைந்து வளைந்து காட்டினார். குடல் முடியும் என்று பார்த்தால், அதற்குப் பிறகு பெருங்குடல் என்று ஒன்று இருந்தது. என் நெஞ்சு ஓட்டத்தை விட்டு நடைக்கு வந்து, நடையை விட்டு நின்று நின்று அடித்தது. தண்ணீருக்குள் அது பழக்கம்தான். ஆனால் தண்ணீரில் மச்சான் என்னைத் தூக்குவார். இங்கே அவர் மண்ணீரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக டாக்டர் நுரையீரலைத் தொட்டார்.

“ஒவ்வொரு செல்லுக்கும் காத்து வேணும். இங்கருந்துதான் ரத்தம் வாங்கிட்டுப் போய்க் கொடுக்குது. மூச்சு நின்னா மூளைச் செல்தான் முதல்ல சாகும்.”

“எம்புட்டு நேரத்துலங்கய்யா?” என்று மச்சான் ஆசையாகக் கேட்டார்.

பதில் என் காதில் விழவில்லை. வயிறு தானாக எக்கிக்கொண்டது. படத்து மனிதன் இரண்டாகி, நாலாகி, இருட்டானான். கை தன் பாட்டுக்குக் கயிற்றைத் தேடியது. பக்கத்தில் கயிறுபோல ஏதோ தொங்கியது. பிடித்து ஓங்கிச் சுண்டினேன்.

டாக்டர் வந்தார். கழுத்தோடு வந்து, என் நெஞ்சில் மடேரென்று நெற்றியை மோதினார். நான் சுண்டியது அவர் குழாயை!

நிமிர்ந்தவர் என் உதட்டைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். “ஐயையோ, நாடி இறங்குதே! மூச்ச விடுய்யா! விடு!”

விட்டேன். படத்து மனிதனே ஆடினான். பெஞ்சில் படுக்கவைத்துவிட்டார்கள்.

“விட வேண்டியதுதானே? ஏன்யா விடல?”

“நீங்க விடச் சொல்லலீகளே, அய்யா.”

கழுத்தைத் தடவிக்கொண்டு அவர் என்னையே பார்த்தார். சீட்டு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து மறுபடி நாடி பார்த்தார், நெஞ்சைத் தட்டிக் கேட்டார். “இது நுரையீரல் இல்ல, துருத்தி” என்று சிரித்து, சீட்டை எழுதித் தந்துவிட்டார்.

அதோடு முடிந்திருக்கும். மச்சான் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நடித்தே காட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் பிலோமி அவரை மறித்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணே, படத்தப் பாத்தியே, இவுக மூஞ்சிய ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்தியா?”

“டாக்டரய்யா பேசுறாரு, மரியாதைக்கு நிக்க வேணாமா?”

“கரையிலயே பாக்காதவன் கடல்ல என்னத்தப் பாப்ப? நீ கயிறு பிடிக்கக் கூடாது.”

“அப்ப யாரு பிடிக்கிறது? ஒனக்கு நான் ஒருத்தந்தானே!”

“அப்ப இவுக முங்க வேணாம்.”

“முங்காதவனுக்கா ஒன்னயக் குடுக்கச் சொல்ற?”

“முங்க முடியாமப் பண்ணுனது யாரு?”

மச்சான் தன் நிபந்தனையைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. (கேட்டிருந்தாலும் தரையைத்தான் பார்த்திருப்பேன்.) கல்யாணம் நடந்தது. நான் சங்கை விட்டு, மீன் பிடிக்க வலைக்குப் போனேன்.

இன்றும் மச்சான் வீட்டுக்கு வந்து ஒரு கதையை ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்து பிலோமியின் குரல் வரும்: “ஏங்க, மூச்சு விடுறீகளா?” பிள்ளைகள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மச்சான் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் தலையாட்டினால்தான் மிச்சத்தைச் சொல்லலாம். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

கதை ரொம்ப நீளமாக இருக்கும் போலத் தெரிந்தால், நான் தலையாட்டுவதில்லை.