பைப்புக்குள் ஒரு பைப்

"இன்னும் ஒரு சுத்து முறுக்கினா நின்னுடும்," என்றார் அச்சகத்துப் பிழைதிருத்துநர், சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தபடி.

முறுக்கினார். அதுவரை நிமிடத்துக்கு இரண்டு சொட்டு என்று மரியாதையாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர், நேராக அவர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"ஏங்க, விட்டுடுங்க. ஒரு மணிக்கு அண்ணன் சாப்பிட வர்றாரு. வந்ததும் அவரே பாத்துக்குவாரு," என்றாள் மனைவி.

விட்டிருப்பார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை விடவில்லை. ஆறு மாதத்துக்கு முன் இதே இடத்தில் இணைப்பு உடைந்தபோது அவர் அச்சகத்தில் இருந்தார்; மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். இருவரும் திரும்பி வந்தால், வீட்டில் தங்கியிருந்த மச்சான் புது பிளாஸ்டிக் பைப்பே போட்டு முடித்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அன்றிலிருந்து பல்பு ஃபியூஸ் போனால்கூட "அண்ணன் மட்டும் இங்க இருந்தா..." என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. ஊரார் எழுத்திலெல்லாம் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவருக்கு, மச்சான் செய்ததில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லையே என்று வயிற்றெரிச்சல் வேறு.

மெயின் வால்வை மூடி, நட்டைக் கழற்றி, பைப்பின் நசுங்கிய நுனியை அறுத்து எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "உள்ள இன்சர்ட் எங்க சார்?"

"அப்படின்னா?"

"சின்னக் குழல். பைப் வாய்க்குள்ள சொருகணும். பிளாஸ்டிக் மெத்துன்னு இருக்குமில்ல? அது இல்லாம முறுக்கினா நசுங்கத்தான் செய்யும். எந்தப் புண்ணியவான் போட்டது?"

"எங்க மச்சான்!" என்றார், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. தலைகால் புரியாத சந்தோஷம்.

"சரி, எந்தக் கம்பெனி பைப்பு? வெளியளவு ஒண்ணா இருந்தாலும் உள்ளளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நசுங்கினதை வெச்சு எனக்குச் சொல்லத் தெரியாது."

"பதினஞ்சு மில்லி. ஏதோ ஒண்ணு குடுங்க." செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோகும் அவசரம் அவருக்கு.

வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "உங்க அண்ணன் இன்சர்ட்டே வைக்கலை!"

"வேணும்னேதான் வைக்காம விட்டிருப்பாரு," என்றாள் மனைவி, பக்கத்து வீட்டிலிருந்து முதல் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு.

வாங்கி வந்த இன்சர்ட் பைப்புக்குள் லொடலொடவென்று ஆடியது. மறுபடி கடைக்கு ஓடினார். இரண்டாவது உள்ளேயே போக மறுத்தது. சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். பைப்பின் வாய் கிழிந்தது. கிழிந்ததை அறுத்தார். அறுத்தது கோணலாகப் போனதால் இன்னொரு தடவை அறுத்தார். நேராகும்வரை அறுத்தார். மூன்றாவது இன்சர்ட் ஓரளவு பொருந்தியது. ஆனால் பைப் இப்போது குழாயை எட்டவில்லை. நான்கு விரற்கடை இடைவெளி, 'இனி என்ன செய்வாய்?' என்று கேட்பதுபோல் இருந்தது.

மணி பன்னிரண்டேகால். மச்சான் வந்து, தொட்டிக்கு அடியில் குனிந்து, ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தபோதே அவருக்குக் கண் கலங்கியது. போகட்டும், மானம் போகாமல் வேலை முடிந்தால் சரி. கடைக்காரரிடம் நம்பர் வாங்கி, ரகசியமாக ஒரு பிளம்பருக்குப் போன் செய்தார். "பின்வாசல் வழியா வாங்க" என்றும் கேட்டுக்கொண்டார். மனைவியை ஐந்தாவது வாளிக்கு அனுப்பிவைத்தார்.

வந்த பிளம்பர் எதையும் விசாரிக்கவில்லை. மெயின் வால்வு எங்கே என்றுகூடக் கேட்காமல் நேராகப் போய்ச் சரிபார்த்தார். தொழிலில் ஊறியவர் என்று பிழைதிருத்துநர் எண்ணிக்கொண்டார்.

"எந்தக் கம்பெனி பைப்புன்னு தெரியாமத்தான் இவ்வளவு கஷ்டம்," என்றார் பெருமூச்சோடு.

"பைப்பு மேலயே அச்சடிச்சிருக்கே சார். படிக்கலையா?"

முப்பது வருடமாகப் படிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர் கூரையைப் பார்த்தார்.

பிளம்பர் பழைய பைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினார். பையிலிருந்து அதற்கேற்ற இன்சர்ட்டை எடுத்துச் சொருகி, நட்டை அளவாக முறுக்கினார். மெயின் வால்வைத் திறந்த பிறகும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிழைதிருத்துநர் சட்டையை வேண்டுமென்றே ஈரமாக்கிக்கொண்டு, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி எப்படி நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்வாசலில் மனைவியின் குரல் கேட்டது.

"வாங்கண்ணா! தண்ணி வராம ஒரே ரகளை. நீங்கதான் பாக்கணும்!"

"ஐயோ, மச்சான் வந்துட்டாரு! கிளம்புங்க, கிளம்புங்க. நீங்க வந்தது ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது," என்று பிளம்பரை முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

பிளம்பர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தள்ளாதீங்க சார். போன தடவை அவரும் இப்படிப் பிடிச்சுத் தள்ளுன அவசரத்துலதான் நான் இன்சர்ட் வைக்க மறந்துட்டேன்."