மான் எங்கே பார்க்கிறது?

மான் தலையைச் சாப்பாட்டு மேசைக்கு எதிர் நாற்காலியில் நிறுத்திவிட்டு ஆர்னி கெம்பைனன் உட்கார்ந்து பார்த்தார். மான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு கண் அடுப்பையும் மறு கண் ஜன்னலையும் பார்த்தது.

முப்பது வருஷம் பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் இரண்டு வருஷம். சாப்பிடும்போது எதிரில் ஒரு முகம் இருக்கட்டும் என்றுதான், தான் சுட்ட மானைத் தானே பாடம் செய்ய உட்கார்ந்தார். அதுவும் முகம் கொடுக்கவில்லை என்றால் எப்படி?

தோல் காயாமல் ஈரத்துணி சுற்றி, கண்ணாடிக் கண் வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரி லோயிஸ் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணோட முன் ஓரத்தை ஒரு நூல் இறக்குங்க ஆர்னி. காபி குடிக்கிறீங்களா?"

குடித்தார். வீட்டுக்கு வந்து இறக்கினார். மான் திருட்டு முழி முழித்தது.

மறுநாள் மறுபடி கடை.

"மேல் இமைக்குக் களிமண் பத்தல. உட்காருங்க, ஆப்பிள் கேக் சூடா இருக்கு."

களிமண் வைத்தார். மான் தூங்கி வழிந்தது.

மூன்றாம் நாள் லோயிஸ் வெகுநேரம் யோசித்தாள்.

"ரெண்டு கண்ணையும் கழட்டிட்டு முதல்லேருந்து வைங்களேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன அவசரம்? வீட்டுல யாரு காத்திருக்கா?"

"இங்கயும் அதே கதைதான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை நிரப்பினாள்.

கழற்றி வைத்ததில் மான், யாரோ பின்னால் வந்து தொட்டதுபோல் மிரண்டது. அன்று அதன் எதிரில் உட்கார அவருக்கே பயமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவு தொட்டியருகே நின்றபடியே சாப்பிட்டார்.

நான்காம் நாள், தலையைக் கொடுத்துவிட்டு இந்த வேலைக்கே முழுக்குப் போடும் முடிவோடு போனார். லோயிஸ் பல் டாக்டரிடம் போயிருந்தாள். கல்லாவில் அவள் தம்பி மனைவி டார்லா.

"இதை நீங்களே வெச்சுக்கங்க. எனக்குக் கை வரல" என்றார் ஆர்னி. "முதல் நாள் எப்படி இருந்துச்சு, மூணு நாள்ல எப்படி ஆக்கிட்டேன் பாருங்க."

போனில் இருந்த முதல் நாள் படத்தைக் காட்டினார். நாற்பது தலை பாடம் செய்தவள் டார்லா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மானு இப்படித்தாங்க பார்க்கும். அதுக்குக் கண்ணு ரெண்டு பக்கத்துலயும்ல இருக்கு? நேரா உங்களைப் பார்க்க அது என்ன ஆந்தையா?"

"அப்போ லோயிஸ்..."

டார்லா வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் நாளே கச்சிதமா இருந்துச்சுன்னு அவளே எங்கிட்ட சொன்னா. ஆனா சரியா இருக்குன்னு சொல்லிட்டா, மறுநாள் நீங்க வரமாட்டீங்களாமே?"