மயில்கழுத்து நிற ஃபேன் பற்றி மதினிக்கு

ஆடலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா ஜோதிமணி மதினி அவர்களுக்கு அமிர்தவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இந்துவின் அப்பாவும் காபிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் சுகம். ஒட்டன்சத்திரத்தில் நீங்களும் குருநாதன் அண்ணனும் மாப்பிள்ளையும், பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கும் என் மகள் இந்துவும் சுகமாக இருக்க எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதல் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் "மதினி, அந்த ஃபேன்" என்று ஆரம்பித்தாலே, "குக்கர் சத்தம் போடுது, பொறவு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். எந்த வீட்டிலும் காலை, மதியம், சாயங்காலம் என்று எந்நேரமும் குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருக்காது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வந்தவர்களைக் குறை சொல்வது என் வழக்கமில்லை, ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முன்னறையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தீர்கள். நான் கேசரி கொண்டுவந்து வைத்தேன். ஃபேன் கரக் கரக்கென்று சத்தம் போட்டது. வயதானால் எல்லோரும் போடுகிற சத்தம்தான். மேலிருந்து ஏதோ உதிர்ந்து உங்கள் தட்டில் விழுந்தது. நீங்கள் அதைத் துரு என்றீர்கள். நான் முந்திரித் தோல் என்றேன். இன்றுவரை நான் அந்தப் பேச்சிலிருந்து மாறவில்லை. நீங்களோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தபடி, "வளைகாப்ப நல்லபடியா முடிச்சிருவோம். ஆனா பேறுகாலம் எங்க வீட்டுலதான். வாயும் வயிறுமா இருக்க புள்ளைய இந்த வவ்வாலுக்குக் கீழ கொண்டாந்து படுக்கவைக்க எனக்கு மனசு வரலை" என்றீர்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தான் வருவாள் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஃபேனைக் காரணம் காட்டி என் மகளை என்னிடம் அனுப்ப மாட்டேன் என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கார் மலை இறங்கியதும் இந்துவின் அப்பா, "எதுக்கு வம்பு அமிர்தம்? புதுசா ஒண்ண வாங்கி மாட்டிருவோம்" என்றார். "புதுச வாங்குனா மதினி சொன்னது சரின்னு ஆயிரும்ல? இதே ஃபேன்தான் ஓடணும், இதுக்குக் கீழதான் என் பேரப்புள்ள தூங்கணும்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே எலக்ட்ரீஷியன் காளீஸ்வரனை வரவழைத்தேன். அவர் ஏணி போட்டு ஃபேனைக் கழற்றிக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார். "மோட்டாரு கல்லு மாதிரி இருக்குக்கா. பேரிங் மட்டும் மாத்தணும். மேலதான் துரு" என்றார். "துருன்னு சொல்லாதீங்க" என்றேன். "சரிக்கா, அழுக்கு. தேச்சு பெயிண்ட் அடிச்சா இன்னும் ரொம்ப வருசம் ஓடும்" என்றார். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். விவரம் தெரிந்த ஆள் சொன்னது.

உப்புத்தாள் வைத்து றெக்கைகளை நானே தேய்த்தேன். இந்துவின் அப்பா பெயிண்ட் வாங்கக் கிளம்பும்போது, "வெள்ளைதான வாங்கணும்?" என்று கேட்டார். வெள்ளை அடித்தால் உங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்பீர்கள். மயில்கழுத்து நிறம் வாங்கிவரச் சொன்னேன். ஃபேனுக்கு அந்த நிறத்தை யாரும் அடிப்பதில்லையாம், கடைக்காரர் இரண்டு தரம் கேட்டாராம். யாரும் அடிப்பதில்லை என்றதும் எனக்கு அந்த நிறம் இன்னும் பிடித்துப்போனது.

பிரைமர் பூசி, அது காய்ந்ததும் மேலே பெயிண்ட் அடித்து, மூன்று றெக்கைகளையும் மிளகு காயவைக்கிற களத்தில் பாய் விரித்து வைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. சோறு வடிக்க உள்ளே போன நேரத்தில் மேகம் இறங்கிக் களமே தெரியவில்லை. அது விலகியபோது பார்த்தால் நடு றெக்கையின் மேல் ஒரு குரங்கு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. நான் துடைப்பத்தை எடுக்கவும் அது கையை ஊன்றி எழுந்து ஓடியது. ஐந்து விரலும் பெயிண்டில் அப்படியே பதிந்துவிட்டது. பின்பக்கம் நீலமான குரங்கு ஒன்று எங்கள் பலா மரத்தில் திரிந்துகொண்டிருப்பதாக ஊரில் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கையை மறைக்க அந்த றெக்கைக்கு மட்டும் இன்னொரு பூச்சு கனமாக அடித்தேன். இனி வெளியே வைத்தால் குரங்கும் மேகமும் விடாது, கூரையில் மாட்டியே காயவைப்போம் என்று நான்தான் சொன்னேன். காளீஸ்வரன், "ஈரமா இருக்குக்கா, ரெண்டு நாளைக்கு யாரும் சுவிட்சத் தொடக் கூடாது" என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லித்தான் மாட்டிக்கொடுத்தார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். யார் தொடப்போகிறோம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மதினி, உங்கள் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரைக்காய்க்கு விலை பேச வந்தேன் என்றார். எங்கள் தோட்டத்தில் ஒரு அவரைக் கொடிகூடக் கிடையாது என்பது காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிற அவருக்குத் தெரியாதா? வந்தவர் குளியலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். குழாயைத் திருகிப் பார்த்தார். "ஏந்தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கு வண்டி வெரசா வருமா?" என்று கேட்டார். "கூப்புட்டா வரும்ணே" என்றேன். யார் சொல்லி வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கோபத்தில் காபி போட உள்ளே போனேன். சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்ல மறந்துபோனேன். அண்ணன் மேட்டில் ஏறி வந்த களைப்பில், ஃபேனுக்கு நேர் கீழே போய் உட்கார்வதற்கு முன்னால் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துச் சுவிட்சைத் தட்டியிருக்கிறார். "அண்ணே, வேணாம்!" என்று நான் கத்தவும் ஃபேன் வேகமெடுக்கவும் சரியாக இருந்தது. கனமாகப் பூசிய றெக்கை ஒரு பக்கம் இழுக்க, ஃபேன் கிறுகிறுத்து ஆட, ஈரப் பெயிண்ட் மழையாகப் பொழிந்தது. நாலு சுவரிலும் ஒரே உயரத்தில் நீலப் பொட்டு, காலண்டர் முருகனுக்கு நீலப் பொட்டு, நான் கொண்டுவந்த காபியில் நீலச் சொட்டு. அண்ணனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சை அணைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை, கண்ணாடியில் பெயிண்ட் விழுந்து சுவிட்சும் தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த இந்துவின் அப்பா ஃபேனை நிறுத்திவிட்டு, "என்ன மச்சான், திருவிழாவுக்கு வேசம் கட்டுன மாதிரியில்ல இருக்கீங்க" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. சம்பந்தம் இன்றோடு முறிந்தது, என் பிள்ளையை இனி கண்ணில் காட்ட மாட்டார்கள் என்று நினைத்துக் காபித் தம்ளரோடு அப்படியே நின்றேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அது இன்னும் மோசமாகிவிட்டது. பிறகு மெல்ல அண்ணாந்து பார்த்து, "காத்து என்னமோ நல்லாத்தான் வருது தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தாரே பாருங்கள், இத்தனை நாள் சம்பந்தத்தில் அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "இந்த வீட்டுல என்ன குத்தம்னு பாத்துட்டு வரச்சொல்லித்தான் என்னைய அனுப்புனா. இந்தக் கோலத்துல போயி நான் என்னத்தன்னு சொல்ல?" என்று கேட்டார். தின்னர் போட்டுத் துடைத்தோம். சாப்பிட்டார். சாயங்காலம் காளீஸ்வரன் வந்து றெக்கைகளைக் கழற்றியபோது தானே ஏணியைப் பிடித்துக்கொண்டார். இந்துவின் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார். வயிற்றுப் பக்கத்துப் பித்தான் மட்டும் பூட்டவில்லை. மார்க்கெட்டில் லாரியிலிருந்து பெயிண்ட் டப்பா கவிழ்ந்துவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று இந்து சொன்னாள். அவர் சொன்னது பொய். உங்கள் மனம் கஷ்டப்படக் கூடாது என்று சொன்ன பொய். நான் யார் மனதையும் பார்க்கிறவள் இல்லை, ஆகவே உண்மையை எழுதிவிட்டேன்.

பிறகு மூன்று றெக்கைகளையும் மறுபடி தேய்த்து, ஒரே கனமாக அடித்து, அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்து மாட்டியாகிவிட்டது. இப்போது சத்தம் இல்லை, உதிர்வது இல்லை. மூன்றில் வைத்தால் மட்டும் லேசாக ஆடும். நாங்கள் மூன்றில் வைப்பதில்லை. சுவரில் இருக்கும் பொட்டுகளை அழிக்க மாட்டேன். பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன் மதினி. உங்களுக்கு இரண்டு மகள்கள். இரண்டு பேருக்கும் நீங்கள்தான் பத்தியம் வைத்தீர்கள், பிள்ளைக்கு வெந்நீர் ஊற்றினீர்கள். நான் அங்கே வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு இருப்பது இந்து ஒருத்தி. இந்த ஒரு தரம்தான் எனக்கு. அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். வளைகாப்புக்குக் காரோடு வருவேன், முடிந்த அன்றே என் மகளைக் கூட்டிக்கொண்டுதான் மலை ஏறுவேன். நீங்கள் வாசலை மறித்து நின்றாலும் சரி.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. நம் இருவரில் யார் மூத்தவர் என்று இன்னும் முடிவாகாததால், இரண்டில் உங்களுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் காதுக்குப் பின்னால் இன்னும் நீலம் இருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடவும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
சு. அமிர்தவல்லி.

பி.கு.: கையெழுத்துப் போட்டு மூடிவைக்கும்போது இந்து ஃபோன் செய்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம், மலைப்பாதையில் வளைவு வளைவாகப் பயணமே கூடாது, பிரசவம் ஆகும்வரை அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே அழுதாள். நீங்கள் ஃபோனை வாங்கி, "அழுகாத மதினி. நீ கெளம்பி வா. எங்க ரூம ஒழிச்சு வச்சிருக்கேன், அவ கூடவே இரு. பத்தியச் சோறு நீயே பொங்கு, வெந்நீரும் நீயே ஊத்து, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து இப்படி வந்ததும் நானும், குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன், கை வரவில்லை. எழுதியது அத்தனையும் உண்மை. கையோடு கொண்டுவருகிறேன். நான் சமையற்கட்டில் இருக்கும்போது படியுங்கள். படித்துவிட்டுக் கோபம் வந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டு நானே வருவேன்.