மலை இல்லாத ஊரில் மெயில் வாத்தியார்

ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு காரணமும் இல்லாமல் ஓடிய முதல் மனிதர் மெயில் வாத்தியார்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய நான் தயார். அவருக்கு முன்னாலும் எங்கள் பக்கத்தில் ஆட்கள் ஓடியிருக்கிறார்கள். நாய் துரத்தினால் ஓடுவார்கள், கடலாடி பஸ் கிளம்பிவிட்டால் ஓடுவார்கள், போலீஸ் வந்தால் ஊரே ஓடும். காலையில் எழுந்து, அரைக்கால் சட்டை மாட்டி, யாரும் துரத்தாதபோது ஓடியவர் அவர் ஒருவர்தான்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சிக்கலுக்கும் கடலாடிக்கும் நடுவில் இருந்த ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் வாத்தியார். டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்தார் அவர். சொந்த ஊர் கொடைக்கானல் மலையின் பின்பக்கம். இரண்டு பேரும் கல்யாணமாகாதவர்கள் என்பதால் ஒரே அறை. வந்த அன்றே வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனைமரமும் உடைமரமும், நடுவில் கண்மாய்க்கரை.

"என்ன சார் இது, ஊரைத் தோசைக்கல்லு மாதிரி போட்டு வச்சிருக்காங்க?" என்றார்.

"மழை பெய்தால் ஊத்தப்பம் மாதிரி இருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தூரம் அளக்கக் கையில் ஒரு கயிற்றுடன் வெளியே போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். ஒரு பெரிய காகிதத்தில் நீல மசியால் ஊரை வரைந்து சுவரில் ஒட்டினார். அதில் நாலு ஓட்டப் பாதைகள். முதல் வழி ஊருணியைச் சுற்றி. இரண்டாம் வழி பனங்காட்டுக்குள். மூன்றாம் வழி சிக்கல் ரோட்டுப் பாலம் வரை. நாலாம் வழிக்கு 'மலை வழி' என்று பெயர் எழுதியிருந்தார்.

"மலைக்கு எங்கே போனீர்?"

"கம்மாய்க்கரை பன்னெண்டு அடி இருக்கு சார். நாப்பது தடவை ஏறி எறங்குனா ஒரு குன்று. எங்க ஊரைச் சுத்திப் பதினோரு வழி உண்டு. அத்தனையும் ஏத்தம்."

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் விசிலை ஊதிக்கொண்டு முதல் ஓட்டம் ஓடினார். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்திருளன் என்ற விவசாயி அதைப் பார்த்தார். வாத்தியார் திருடனைத் துரத்துகிறார் என்று முடிவு செய்து, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"எத்தனை பேரு வாத்தியாரே?"

"இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றார் இவர், வேகத்தைக் குறைக்காமல்.

அதில் "ரெண்டு" மட்டும்தான் முத்திருளன் காதில் விழுந்தது. "ஏலே, ரெண்டு பேரு வந்திருக்கானுக, வாங்கலே" என்று அவர் குரல் கொடுக்க, ஆள் சேர்ந்தது. கம்பு, அரிவாள், ஒருவர் கையில் வெறும் செருப்பு. ஊருணியை இரண்டு முறை சுற்றிவிட்டு டீக்கடை முன் நின்று திரும்பிப் பார்த்த வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அறைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "சார், மொத நாளே பதினாறு பேரு சேந்துட்டாங்க."

உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் ஒருவரும் வராததால், அந்தப் பதினாறு பேருக்குப் பதிலாக என்னை எழுப்பினார். மூன்றாம் வழியில் முக்கால் மைல் ஓடி உடைமுள்ளில் விழுந்தேன். முழங்காலிலிருந்து ஏழு முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "மூச்சு நல்லா இருக்கு சார், காலுதான் சரியில்ல" என்று தைரியம் சொன்னார். அதோடு என் ஓட்ட வாழ்க்கை முடிந்தது.

அவர் படும் பாட்டை ஊர்க்காரர்களால் பொறுக்க முடியவில்லை. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்துவார்கள்.

"ஏறுங்க வாத்தியாரே. வண்டி சும்மாதான் போகுது."

"வேணாங்க, ஓடிக்கிட்டிருக்கேன்."

"அதான் பாக்குறேனே. பாக்கவே பாவமா இருக்கு."

மறுத்துவிட்டு ஓடினால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வண்டிக்காரர், வாத்தியார் தன் வண்டியைக் கேவலமாக நினைக்கிறார் என்று தலைமையாசிரியரிடமே புகார் கொடுத்துவிட்டுப் போனார்.

மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டது. நேரம் தவறாமல் ராமேசுவரம் பக்கம் போகும் மெயில் ரயிலை வைத்து அவருக்குப் பெயரும் விழுந்தது. "மெயில் போயிருச்சு, உலைய வையி" என்று வீடுகளுக்குள் குரல் கேட்கும். அவர் வந்தால் குடம் தூக்கும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிடுவார்கள். தெரு நாய்களும் குரைப்பதை விட்டுவிட்டன.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் கண்மாய் நிறையவில்லை. இந்த முறை தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கீழே அத்தனை வயலிலும் நெற்பயிர் முழங்கால் உயரம். ஊரின் ஒரு வருஷச் சோறு அது.

அடைமழைக்கு நடுவே ஒரு நாள் காலை மெயில் வாத்தியார் மலை வழியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தோராவது இறக்கத்தில் கரையின் வெளிப்பக்கம் கால் புதைந்தது. குனிந்து பார்த்தால் நண்டு வளை ஒன்றிலிருந்து கலங்கல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையின் வாய் கைமுட்டி அளவு ஆனது.

ஊருக்குள் ஓடி வந்தார். விசில் ஊதினார். "கரை போகுது, கரை போகுது" என்று கத்தினார். மழைச் சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டவர்களும் அது டிரில் கட்டளை என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார்கள். டீக்கடையில் முத்திருளனும் நானும் உட்கார்ந்திருந்தோம். எங்களைத் தாண்டி ஒரு முறை ஓடினார். திரும்பி வந்து இன்னொரு முறை ஓடினார்.

"மழையிலயும் விடுறாரா பாருங்க" என்றார் முத்திருளன் என்னிடம், பெருமையாக.

மூன்றாவது முறை வந்தபோது, வாத்தியார் கடை வாசலில் நின்றார். ஓடவில்லை, குதிக்கவில்லை. மழையில் சும்மா நின்றார்.

முத்திருளன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏலே, மெயில் நின்னுருச்சு."

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். பின்னாலேயே அந்தத் தெரு முழுவதும் வந்துவிட்டது. "வாத்தியாருக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று ஆளுக்கு ஒரு பக்கம் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். ஒருவர் நாடியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. கம்மாய்க்கரை கசியுது. தெக்கு மடைக்கு அங்கிட்டு" என்றார், ஒவ்வொரு சொல்லாக.

அப்புறம் நடந்தது அவர் ஆசைப்பட்டது. ஊரே அவர் பின்னால் ஓடியது. மண்வெட்டி, கூடை, வைக்கோல் கட்டு, சாக்கு. பனங்காட்டுக்குள் எந்த இடத்தில் புகுந்தால் கரைக்குச் சீக்கிரம் போகலாம் என்று அவர் அளந்து வைத்திருந்தார். நாங்கள் போனபோது ஓட்டை குடத்து வாய் அளவு ஆகியிருந்தது. உடைமுள்ளை வெட்டித் திணித்து, வைக்கோலை அமுக்கி, மேலே மண் மூட்டைகளை அடுக்கினோம். அன்று எல்லோரும் இருபது தடவை ஏறி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டோம். அவர் மட்டும் மூட்டையும் தோளுமாக ஏறிக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் கசிவு நின்றது. முத்திருளன் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

தையில் நெல் வீட்டுக்கு வந்தது. ஊர்க்கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். ஏதாவது கேளுங்கள், ஊர் செய்யும் என்றார்கள்.

"கரையை இன்னும் ரெண்டு முழம் ஒசத்திக் கட்டுங்க" என்றார்.

தனக்கென்று ஒன்றும் கேட்காமல் ஊர் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று கூட்டம் உருகியது. அவர் தலை குனிந்து நின்றார். அந்த இரண்டு முழம் எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கோடையில் கட்டியும் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அவருக்குச் சொந்தப் பக்கமே மாற்றலாகியது. கல்யாணப் பத்திரிகை வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் மலை ஏறி, பாதி உயிருடன் போய்ச் சேர்ந்தேன். மோர் கொண்டுவந்து கொடுத்த அவருடைய அக்காவிடம், "தம்பி இங்கே எந்த வழியில் ஓடுவார்?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஓடுறதா? அவனா? வெறகு பொறுக்க அனுப்புனா மரத்தடியில தூங்கிட்டு வருவான் சார்."

மாலையும் கழுத்துமாக நின்றவரைத் தனியே இழுத்து விசாரித்தேன். மாலையில் இருந்த பூவைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"இங்க ஓடத் தேவையில்ல சார். தண்ணி எடுக்கப் போனாலே மூச்சு வாங்கும். அங்க உங்க ஊர்ல எவ்வளவு நடந்தாலும் மூச்சே வாங்கல. அதுல ஊரு ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்கும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குனா, வீட்டுக்கிட்ட வந்துட்ட மாதிரி இருக்கும். வெளிய சொன்னா டிரில் மாஸ்டர் அழுவுறான்னு சிரிப்பாங்க."

ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் கிளம்பினேன். புது மாப்பிள்ளை, யார் சொல்லியும் கேட்காமல் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே வரை கூட வந்தார். என் காலுக்குத் தகுந்தபடி நின்று நின்று, மெதுவாக நடந்தார். கீழே ரோடு தெரிந்தபோது, அந்தப் பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.