அக்காவின் கலியாணமும் ஒரு குகை விளக்கும்

ஒரே ஒரு தொலைபேசி உள்ள வீட்டில், அது ஒலிக்கவில்லை என்பதற்காக யாரும் அழைக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இதை நான் அறிந்துகொண்டபோது அக்காவின் கலியாணம் குழம்பியிருந்தது.

இன்று பேருந்தில் பிள்ளைகள் முகம் தெரியாதவர்களோடு கைபேசியில் சேர்ந்து விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டுகளின் மூதாதைக்குப் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கணினியில் சில தொலைபேசி இணைப்புகளைப் பொருத்தி ‘அறிவிப்புப் பலகை’ ஒன்று நடத்துவார். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் வழியாக அதை அழைத்தால், நீ இருண்ட குகையொன்றில் நிற்கிறாய் என்று திரையில் எழுத்து ஓடும். பத்தொன்பது வயதில் எனக்கு லண்டனில் அதைவிட வெளிச்சமான இடம் இருக்கவில்லை.

அன்று ஞாயிறு. எங்கள் பிளேஸ்டோ வீட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் பின்னேரம் போன் எடுத்து முடிவு சொல்வதாக இருந்தது. அதுவரை எந்த மாப்பிள்ளையின் படத்தையும் இரண்டாம் முறை பார்க்காத அக்கா, இந்தப் படத்தைக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். அர்ச்சனை செய்ய அப்பா, அம்மா, அக்கா மூவரும் ஆர்ச்வே முருகனிடம் புறப்பட்டார்கள்.

“தம்பி, போனடியிலயே இரு. ஒருத்தரோடயும் கதைக்காத,” என்றார் அம்மா.

“ஓமம்மா.”

சொல் தவறவில்லை. (தட்டச்சுத்தானே செய்தேன்.) கொஞ்ச நேரம் என்றுதான் உள்ளே போனேன். குகையில் நாலு பேர் வழி தெரியாமல் நின்றார்கள். விளக்கு என்னிடம் மட்டும் இருந்தது. நான் இணைப்பைத் துண்டித்தால் அவர்கள் இருட்டில் செத்துப்போவார்கள். முன்பின் தெரியாத நாலு ஆங்கிலேயரின் உயிர் என் கையில். பின்னேரம் முழுவதும் காப்பாற்றினேன்.

திரும்பி வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ரிசீவரைத் தூக்கினாள். அவள் காதுக்குள் மோடம் கிறீச்சிட்டது. இணைப்பு அறுந்தது.

அம்மா உடனே மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்தார். எதிர்முனைக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“எத்தினை தரம் எடுத்தனாங்கள், ஒரே என்கேஜ். பிள்ளை ஆரோட இவ்வளவு நேரம் கதைச்சவ?”

“பிள்ளை எங்களோட கோயிலுக்கெல்லே வந்தவ. தம்பிதான்... கம்ப்யூட்டரோட...”

“போனில, கம்ப்யூட்டரோடயோ?”

அந்தக் காலத்தில் இதைவிட மோசமான பொய்யை யாராலும் சொல்லியிருக்க முடியாது. உண்மையாக இருந்ததுதான் கேடு. ஒன்றில் மகளுக்குக் காதலன், அல்லது மகனுக்கு விசர். எதுவானாலும் சம்பந்தம் இல்லை. மாப்பிள்ளையின் தாய் மரியாதையாகத்தான் போனை வைத்தார். அக்கா கைப்பையைத் திறக்காமலே மாடிக்குப் போனாள்.

மறுநாள் திருட்டுத்தனமாகக் குகைக்குத் திரும்பினேன். நான் இறந்து கிடந்தேன். நாலு பேரும் தப்பிவிட்டார்கள். (என் விளக்கை எடுத்துச் செல்ல மறக்கவில்லை.)

பிறகு அக்காவை மணந்து ஹவுன்ஸ்லோவில் குடிவைத்த அத்தான், எந்தப் பிறந்தநாள் விருந்திலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

“மச்சான் மட்டும் அண்டைக்கு அந்தக் குகைக்குள்ள போகாட்டி, நான் தப்பியிருப்பன்.”

எல்லோரும் சிரிப்போம். அக்கா மட்டும் சிரிக்காமல், பதில் தெரிந்தும், ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பாள்:

“அந்த விளக்காவது உனக்கு மிஞ்சினதோடா?”