பந்தாட்டக்காரன் அப்பனைப் பிடித்த பயம்

ராசிபுரம்,
1937 ஆவணி

ஜலகண்டாபுரம் மச்சான் வெங்கடாசலம் அவர்களுக்கு, நெய்க்கடை கந்தவேல் கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்களும் எருமைகளும் சுகம். அங்கே தங்கச்சி, மருமகளாக வரப்போகிற வசந்தாமணி, தறிகள் எல்லாம் சுகந்தானே?

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த பாலசுந்தரத்தின் வாயை முகர்ந்து பார்த்தேன். மீசை முளைத்த பிள்ளை கண் விழித்தால், மூக்கோடு மூக்காக அப்பன் மூஞ்சி! அவன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். நெய்யில் கலப்படம் கண்டுபிடித்துப் பழகிய மூக்கு, மச்சான். வெங்காயத்தைத் தவிர ஒரு வாசனையும் ஏறவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

எல்லாம் இந்தப் பேப்பர்காரனால் வந்தது. கல்லூரிப் பந்தாட்டக்காரர்களிடம் கஞ்சாப் பழக்கம் என்று திங்கட்கிழமை ஒரு மூலையில் நாலு வரி போட்டான். அதில் 'சிலர்' என்றிருந்தது. புதன்கிழமை 'பலர்'. வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் 'எல்லோரும்'. இந்த வேகத்தில் போனால் அடுத்த வாரம் பெற்றோரையும் சேர்த்துவிடுவானே என்று எனக்கு நடுக்கம். எந்தக் காலேஜ் என்றும் போடவில்லை. போட்டிருந்தால் ஒன்று நிம்மதியாகத் தூங்கலாம், அல்லது நிம்மதியாக அழலாம். அடையாளம் மட்டும் விவரமாகக் கொடுத்திருக்கிறான்: அகோரப் பசி, காரணமில்லாத சிரிப்பு, சிவந்த கண். காலேஜ் டீமில் பந்தாடிவிட்டு லீவுக்கு வந்த நம் பிள்ளை களி உருண்டைகளை விழுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"ஏன்டா சிரிக்கிற?" என்றேன்.

"உங்க மூஞ்சியப் பாத்தா வேறென்னங்கப்பா வரும்?"

இது காரணத்தோடு சேர்ந்த சிரிப்பா, சேராததா என்று எனக்குப் புரியவில்லை. கஞ்சா உண்டா என்று கேட்டே விட்டேன்.

"கஞ்சாவா? அது பச்சையா கறுப்பான்னே எங்க டீமுல ஒருத்தனுக்குந் தெரியாதுங்க. நீங்க மாசாமாசம் குடுத்தனுப்புற லேகியத்தப் பங்கு போட்டுத் தின்னுட்டுத்தான் ஓடுறோம்" என்றான்.

மயில்சாமி வைத்தியர் நம் கடை நெய்யில் கிண்டித் தரும் லேகியம், மச்சான். எனக்குப் பெருமையாக இருந்தது. மனசு திடப்படட்டும் என்று பேப்பர் பார்த்த நாள் முதலாக நானும் காலையும் மாலையும் ஓர் உருண்டை போட்டு வருகிறேன். பயம்தான் குறையக் காணோம், கூடுகிறது. தெருவில் போகிற கான்ஸ்டபிள் என் பெயரை முணுமுணுக்கிறார். கடிகாரமுள் நகர மாட்டேன் என்கிறது. சேலம் பஸ் ஹாரன் அடித்தால், நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க நீங்கள்தான் வந்து இறங்கிவிட்டீர்கள் என்று நெய் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் தங்கை முத்தாயம்மாள் கேட்கிறாள்: "ஏனுங்க, கண்ணாடியில உங்க கண்ணப் பாத்தீங்களா? பேப்பருல போட்டதெல்லாம் உங்களுக்குத்தானுங்க பொருந்துது!"

மச்சான், அந்தப் பேப்பர் உங்கள் ஊருக்கும் வரும். அதை நம்பி நிச்சயத்தை முறித்துவிடாதீர்கள். பையன் கஞ்சா இருக்கும் திசையிலேயே தலை வைத்துப் படுக்காதவன். அதற்கு நான் ஜவாப்தாரி.

வசந்தாமணி மஞ்சள் குங்குமத்தோடு நம் வீட்டுக்கு வந்து நூறு வயது வாழட்டும். நேற்று கடைப் பையன் செங்கோடனிடம் கொடுத்தனுப்பிய லேகியம் வந்து சேர்ந்திருக்கும். குழந்தை, பெரியவர் என்று பாராமல் எல்லோரும் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நெய் டின்களுக்குப் பின்னாலிருந்து,
கந்தவேல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வைத்தியர் நெய் வாங்க வந்தார். லேகியத்தில் என்னென்ன சேரும் என்று சும்மா கேட்டு வைத்தேன். சுக்கு, ஏலக்காய், தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கஞ்சா இலையை நெய்யில் வறுத்துப் போடாவிட்டால் அதற்குப் பெயர் லேகியமே இல்லை என்கிறார்.